பழைய பிக்கப்பின் பிரேக்: சூடு எங்கே போகிறது?

செம்மேட்டில் அன்னாசி ஏற்றிய ஒரு பிக்கப் கொல்லிமலையை விட்டு இறங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியும் சுமையும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக வர இறக்கம் 1000 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 3 கோடி ஜூல் வரும். 30 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த ஆற்றல் போதும். அடிவாரத்தில் காரவள்ளிக்கு வந்து சேர்வதற்குள் அத்தனையும் எங்கேயாவது போய்த் தீர வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறக்கினால் எஞ்சின் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் சக்கரங்களுக்குள் இருக்கும் கொஞ்சம் இரும்பில்தான் இறங்குகிறது.

பிரேக் வண்டியை நிறுத்தும் கருவி என்று சொல்வது சரிதான். ஆனால் கையில் ஸ்பேனர் எடுப்பவர் அதை வேறு மாதிரி பார்ப்பது நல்லது. அது ஓட்டத்தைச் சூடாக மாற்றி, அந்தச் சூட்டைக் காற்றில் விடும் கருவி. பிரேக் ஆயிலை ஏன் மாற்றுகிறோம், தேய்ந்த டிஸ்க் ஏன் ஆபத்து, மலை இறக்கத்தில் பெடல் ஏன் ஆழமாகப் போகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

நான் இங்கே சொல்வது டாடா 207, மஹிந்திரா பொலிரோ பிக்கப் போன்ற சாதாரண டீசல் பிக்கப்புகளைப் பற்றி. முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் பேடுகள் கவ்வும்), பின்னால் டிரம் (சுழலும் கிண்ணத்தின் உள்சுவரை ஷூ என்ற வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அழுத்தும்), காலுக்கு உதவ வெற்றிடத்தால் இயங்கும் ஒரு பூஸ்டர் என்ற அமைப்பு. மாடலுக்கு மாடல் சில விஷயம் மாறும். அளவுகளுக்கு உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே முடிவு. நான் மெக்கானிக் அல்ல. பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு பிக்கப்பை வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான்.

காலில் இருந்து சக்கரம் வரை

பெடல் ஒரு நெம்புகோல். நீங்கள் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால், அதன் நீளத்தால் அது 4 மடங்காகி 80 கிலோ ஆகிறது. பூஸ்டர் அதை மூன்று மடங்காக்குகிறது, 240 கிலோ. அது பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த பிஸ்டனின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர், முன் சக்கரத்தில் பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் பிஸ்டன் பரப்பு 25 என்றால், பேடின் மேல் விழும் பலம் மறுபடி 5 மடங்கு. 1200 கிலோ! இவை மாதிரி எண்கள்தான், ஆனால் உண்மையான வண்டியிலும் நடப்பது இதே பெருக்கல்தான். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இதுதான்.

இந்தப் பெருக்கலுக்கு ஒரு விலை உண்டு. பலம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, நகர்வு அத்தனை மடங்கு குறையும். மேலே சொன்ன எண்களில் பேடு 1 மில்லிமீட்டர் நகர, மாஸ்டர் பிஸ்டன் 5 மில்லிமீட்டர் நகர வேண்டும், பெடல் 2 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். சக்கரத்தில் ஒரு சின்ன இடைவெளி கூடினாலும் காலுக்குக் கீழே பெரிய பள்ளமாகத் தெரிவது இதனால்தான். காற்றுக் குமிழி ஒன்று பைப்பில் இருந்தாலும் அப்படித்தான். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். பெடலின் பயணம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும், இரண்டு தனித்தனி ஆயில் பாதைகளுக்கு. ஒரு பாதையில் பைப் வெடித்தாலும் மற்றது பிடிக்கும். பெடல் மட்டும் மிக ஆழமாகப் போகும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும்.

பெட்ரோல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் உறிஞ்சும் காற்றுப் பாதையிலேயே கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது, அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். டீசல் மிச்சம் பிடிக்க மலை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. நியூட்ரலால் எஞ்சின் பிரேக்கிங் போகிறது, அணைத்ததால் பூஸ்டரும் போகிறது. 3 டன்னும் அவர் ஒற்றைக் காலில்.

பெடல் என்ன சொல்கிறது

எதையும் கழற்றும் முன் காலால் கேட்டுப் பாருங்கள். பஞ்சை மிதிப்பது போல இருந்தால் பெரும்பாலும் காற்று, இல்லையென்றால் ஊறிப்போன ரப்பர் ஹோஸ். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது மிதி மிதித்தால் மேலேயே நின்றுவிட்டால், பின் சக்கர ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. கல் மாதிரி இறுகியிருந்தால் பூஸ்டரையோ வேக்குவம் பம்பையோ அதற்குப் போகும் குழாயையோ சந்தேகப்படுங்கள்.

பூஸ்டரைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்கும் பக்கம் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. இழுக்கும் பக்கம் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம்தான் வேலை செய்யவில்லை.

ஜாக்கிக்கு முன்

சமதரை, வெறும் வண்டி. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். தூக்கியபின் ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொடிந்துவிடும்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதுவதும் காற்றடித்து விரட்டுவதும் கூடாது. பழைய, மலிவான லைனர்களில் (ஷூ மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

முன் சக்கரம்

இது சுலபமான பக்கம். கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேடுகள் தெரியும். 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக மசாலா (பேடின் உரசும் பகுதி) மிச்சம் இருந்தால் மாற்றிவிடலாம். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கேலிப்பரை முழுதாகக் கழற்ற நேர்ந்தால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

பழைய பேடுகளை வீசும் முன் கையில் வைத்துப் பாருங்கள். உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நகரும் கைடு பின்கள் இறுகிவிட்டன. பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்.

பெடலை விட்டதும் கேலிப்பர் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி இருக்கும், குறுக்குவெட்டில் சதுரமான ரப்பர் வளையம், பிஸ்டன் வெளியே வரும்போது முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துவிடுகிறது. அந்த மயிரிழைதான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளி. பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வளையம் விறைத்துப்போய், பிஸ்டனில் துருவும் பிடித்தால், பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். டீசல் அதிகம் குடிக்கும், சக்கரம் சுடும், பேடு சீக்கிரம் தீரும்.

உரசலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் தவறவிடுவது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகவே இருக்கும், உள்ளே ஊதி வழி அடைத்துக்கொண்டிருக்கும். மிதிக்கும் பலத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வராது. சக்கரம் இறுகியிருக்கும்போது கேலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ஏர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுழன்றால் கேலிப்பர் மேல் தப்பில்லை. பழைய வண்டியில் கேலிப்பருக்குக் காசு செலவழிக்கும் முன் ஹோஸை மாற்றுவது என் வழக்கம்.

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். இரும்பு குறைந்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும் பாத்திரம் சிறுத்துவிட்டது என்று அர்த்தம். கால் லிட்டர் தண்ணீர் இரண்டு லிட்டரைவிடச் சீக்கிரம் கொதிக்குமில்லையா, அதே கதை.

பின் சக்கரம்

டிரம்மைக் கண்டு பயப்படுபவர்கள் அதிகம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளின் கூட்டத்தால். ஒரு உத்தி போதும்: ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மறந்துபோனால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம், கண்ணாடி பிம்பமாக இருக்கும். போனில் நாலு படமும் எடுத்து வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் டிரம்மைக் கழற்ற வேண்டும். வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்கும் முன், டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சரியான போல்ட்டை மாறி மாறித் திருகினால் டிரம் தானாக வெளியே வரும்.

முதலில் பார்க்க வேண்டியது ஈரம். ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கினால் உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் பக்கெட் என்று சொல்லும் உள் ரப்பர் போய்விட்டது. லைனர் மேலேயே எண்ணெய் படிந்திருந்தால் அது எந்த எண்ணெய் என்று பாருங்கள். பிரேக் ஆயில் மெல்லியது, தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போகும். ஆக்சில் ஆயில் பிசுபிசுப்பானது, கந்தக வாடை அடிக்கும், தண்ணீருக்கு அசையாது. முன்னது என்றால் வீல் சிலிண்டர், பின்னது என்றால் ஹப்பின் ஆயில் சீல். மூலத்தைச் சரிசெய்யாமல் ஷூவை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் அதே வேலை. எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தித் திரும்ப மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். இழுத்த எண்ணெய் அப்படி முழுக்கப் போய்விடாது. சூடானதும் மறுபடி மேலே வரும், பின் சக்கரங்களில் ஒன்று பிடிக்கும், ஒன்று வழுக்கும்.

டிரம்மிலும் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். உள்ளே வரிவரியாகக் கீறல் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம், அந்த எல்லைக்குள் இருக்கும்வரை. சூடானால் டிரம் விரியும், ஷூவை விட்டு விலகும். மலை இறக்கத்தில் பெடல் வளைவுக்கு வளைவு ஆழமாகப் போவதற்கு இது ஒரு காரணம். கடைந்து கடைந்து மெலிந்த டிரம் இன்னும் சீக்கிரம் விரியும். டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை, அது தடித்துப் பேடை நோக்கித்தான் வரும்.

எல்லாம் மாட்டியபின் அட்ஜஸ்டரின் பல் சக்கரத்தைத் திருகி, டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசாக ஒரு உரசல் சத்தம் கேட்கும் அளவுக்கு வையுங்கள். அதன்பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, தளர்ந்த ஷூவைக் கேபிளால் இழுத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒர்க்‌ஷாப்பில் எல்லாப் பாகத்தையும் டீசல் தட்டில் போட்டுக் கழுவுவது சகஜம். பிரேக்கின் ரப்பர் பாகங்களுக்கு டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எல்லாமே விஷம். ஊதிப்போய் அளவு மாறிவிடும். ரப்பரைப் பிரேக் ஆயிலாலேயே கழுவலாம். யாராவது அவசரத்துக்குப் பிரேக் டப்பாவில் வேறு எண்ணெய் ஊற்றியிருந்தால், ஆயிலை மட்டும் மாற்றினால் தீராது. மாஸ்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரும் போயாக வேண்டும்.

ஆயிலும் காற்றும்

பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு. உப்பு டப்பாவைத் திறந்து வைத்த மாதிரிதான், மழைக்காலம் போகப்போகத் தண்ணீர் சேரும். டாட் 3 என்று குறித்த ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிலை. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. மேலே 3 கோடி ஜூல் சொன்னேனே, அந்தச் சூட்டில் ஒரு பங்கு பேடு வழியாக, பிஸ்டன் வழியாக இந்த ஆயிலுக்குத்தான் வருகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி, குமிழி வந்தால் பெடல் நேராகத் தரைக்கு. அடிவாரத்தில் வண்டி ஆறியதும் குமிழி கரைந்து பெடல் பழையபடி வந்துவிடும். மெக்கானிக்கிடம் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். மலைக்குப் போகும் வண்டி என்றால் வருடத்துக்கு ஒரு முறை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 என்று தனியாக வருவது சிலிக்கான் வகை, இவற்றோடு சேராது. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

பைப்பில் சிக்கிய காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நம் ஊர் வண்டிகளில் அது பின் இடது, அப்புறம் பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி. நிப்பிளில் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க விடுங்கள். உள்ளே இருப்பவர் நிதானமாக மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, மூடி, "விடு" என்று சொன்னபின்தான் காலை எடுக்க வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் வெளியேற்றிய காற்றை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். மேலே டப்பா காலியாகிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. சிந்தினால் உடனே தண்ணீர் விடுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

இதில் நான் ஒரு முறை சூடு வாங்கியிருக்கிறேன். பத்து வருடமாகப் பிரிக்காத மாஸ்டர் சிலிண்டர். என் மச்சான் பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து ஆயிலை வெளியேற்றினான். காற்று போனது, பெடலும் போனது, அழுத்தினால் மெதுவாக இறங்க ஆரம்பித்துவிட்டது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டரின் பிஸ்டன் சிலிண்டரின் பாதித் தூரம்தான் நகரும். மீதிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்ததில் மென்மையான ரப்பர் அந்தக் கரடு மேல் போய் வந்து கிழிந்துவிட்டது. இப்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுத்தான் மிதிக்கச் சொல்கிறேன்.

அந்தக் கம்பியைக் கட்டாதீர்கள்

பிக்கப்புக்கே உரிய ஒரு சிக்கல் இது. வெறும் வண்டியில் பின்பக்கம் காற்று மாதிரி லேசு. பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பின்பக்கம் வழுக்கித் திரும்பிவிடும். லோடு ஏற்றினால் கதை மாறும், பின் சக்கரங்கள்தான் நல்ல பிடிப்போடு இருக்கும், அவற்றின் உதவி தேவை. இதைப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்காகப் பல பிக்கப்புகளில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், எல்எஸ்பிவி என்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ பின் ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏற்றச் சேஸிஸ் இறங்கும், ஆக்சிலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். கம்ப்யூட்டரே இல்லாமல் வண்டி தன் எடையைத் தானே பார்த்துக்கொள்கிறது. எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். வண்டி வாங்கிய கையோடு பின்னால் ஒரு எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போட்டுவிடுகிறோம். லோடு ஏற்றினாலும் வண்டி உட்காராது. டிரைவருக்குச் சந்தோஷம். ஆனால் வால்வுக்கு எடை தெரியாது, இடைவெளி மட்டும்தான் தெரியும். சேஸிஸ் இறங்கவில்லை, ஆகவே வண்டி காலி என்று முடிவு செய்துகொள்கிறது. ஒன்றரை டன் பின்னால் இருக்க, பின் பிரேக்குக்குக் காலி வண்டியின் அழுத்தம்தான் போகிறது. பாரம் முழுக்க முன் டிஸ்க்குகள் மேல். முன் பேடு அடிக்கடி தீர்கிறது என்று புலம்பும் பல வண்டிகளில் நான் முதலில் செய்வது பின் பட்டையை எண்ணுவதுதான். பட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த வால்வைக் கையேட்டின்படி மறுபடி செட் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கம்பியை மேலே தூக்கிக் கட்டி நிரந்தரமாக முழு அழுத்தம் கொடுப்பது தீர்வல்ல. மழையில் காலியாகத் திரும்பும் நாளில் அது தெரியும்.

காற்று எடுக்கும்போதும் இந்த வால்வு குறுக்கே வரும். ஆக்சில் அந்தரத்தில் தொங்கினால், வண்டி ஒரேயடியாகக் காலி என்று நினைத்துப் பின் பாதையை நெருக்கிவிடும், ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஸ்டாண்டுகளைச் சேஸிஸுக்குக் கீழே வைக்காமல் பின் ஆக்சிலுக்குக் கீழே வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

அப்கிரேடு

அப்கிரேடு என்றதும் பெரிய மாஸ்டர் சிலிண்டரும் பின்னாலும் டிஸ்க்கும் என்றுதான் பேச்சு தொடங்கும். பாஸ்கல் கணக்கை இங்கே திரும்ப எடுங்கள். மாஸ்டரின் விட்டத்தை 22.2 மில்லிமீட்டரிலிருந்து 25.4-க்கு மாற்றினால் பரப்பு 31 சதவீதம் கூடும். அதே மிதிக்கு அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். பெடல் உயரமாக, இறுக்கமாக இருக்கும், அதனால் பிரேக் கூடிவிட்டது போலத் தோன்றும். நிஜத்தில் வண்டியை நிறுத்த முன்னைவிட அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கும்.

பின்னால் டிஸ்க் மாற்றுவதில் ஹேண்ட் பிரேக்கை என்ன செய்வது, மாஸ்டர் போதுமான ஆயில் தள்ளுமா, எல்எஸ்பிவி எப்படிப் பொருந்தும் என்று ஒன்றின் பின் ஒன்றாக வரும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. சரக்கு வண்டி 8 வருடம் தாண்டிவிட்டால் வருடாவருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும், அங்கே பிரேக்கைப் பார்ப்பார்கள்.

என் பணத்தை நான் செலவழிக்கும் வரிசை வேறு. முதலில் டயர், ஏனென்றால் பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயர். அப்புறம் ரப்பர் ஹோஸ்கள். அப்புறம் டாட் 4 ஆயில், கையேடு அனுமதித்தால். அதற்குப்பின் நல்ல கம்பெனி பேடும் லைனரும். பின்னால் மட்டும் அதிகம் கவ்வும் லைனர் போட்டுவிடாதீர்கள், முன்பின் சமநிலை கெட்டுவிடும். இவ்வளவும் செய்த ஒரு பழைய பிக்கப், ஷோரூமிலிருந்து வந்த நாளில் பிடித்தது போலப் பிடிக்கும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பைப்பை வெட்டி முனை விரிக்கும் வேலையை மட்டும் நான் தொடுவதில்லை, கருவி உள்ளவரிடம் கொடுத்துவிடுவேன்.

புதுப் பேடு போட்டதும் நேராக லோடுக்குப் போகக்கூடாது. வண்டியை எடுக்கும் முன் பெடல் மேலே வரும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். மறந்தால் முதல் மிதி வெறும் காற்றில் போகும். பின்னால் யாரும் வராத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15-க்கு, முழுக்க நிறுத்தாமல், பத்துத் தடவை நிதானமாகக் குறைத்து, பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

அந்த முதல் ஓட்டம் முடிந்து வாசலில் நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே மாதிரி, பின் இரண்டும் ஒரே மாதிரி அனல் அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தச் சக்கரம் இன்னும் விடவில்லை, ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது பிடிக்கவே இல்லை. டீ குடித்துவிட்டு மறுபடி ஜாக்கியை எடுக்க வேண்டியதுதான்.